ஆடிக் காற்றில் குன்னூர்: வர்க்கி, தைலம், நடுவில் கொஞ்சம் பாகியோ

ஊட்டிக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் எல்லோரும் மே என்பார்கள், நான் ஆடி என்பேன். மலர்க் கண்காட்சி முடிந்திருக்கும், வெயிலைப் பார்ப்பதே அபூர்வம், காற்று குடையைத் திருப்பிப் போடும், எல்லாம் சரிதான். ஆனால் அறை வாடகை பாதிக்குப் பாதி குறையும், சேரிங் கிராஸில் வண்டி நகரும், ஓட்டலில் அடுத்தவர் எப்போது கை கழுவப் போவார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும் கிடைத்தால் போதும், பூவெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தடவை கூட வந்தது அம்மாவும் அண்ணன் மகளும், எனக்கு மருமகள் முறை. அம்மா இதயத்தில் வால்வு மாற்றியவர், இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை உண்டு, அது போக முழங்கால் வலி. அண்ணன் மகள் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிறாள். அதுவும் பாகியோ என்கிற மலை ஊரில். வருஷம் முழுக்க மலையிலேயே கிடந்துவிட்டு லீவுக்கு வந்தவள் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று கடல் பக்கம் கேட்பாள் என்று பார்த்தால், "குன்னூர் போலாம் அத்தை, அங்க வர்க்கி கிடைக்கறதில்ல" என்கிறாள். வர்க்கி என்பது இந்த மலையின் மொறுமொறு அடுக்குப் பிஸ்கட். அப்பத்தாவும் பேத்தியும் ஒரே கட்சி, என்னிடம் யார் கேட்டார்கள், கோயம்புத்தூரிலிருந்து வண்டியை எடுத்தேன்.

பாகியோவைப் பற்றி வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். மணிலாவிலிருந்து வடக்கே 250 கிலோமீட்டர் போல, சுமார் 1,500 மீட்டர் உயரம். அமெரிக்கர்கள் ஆண்ட காலத்தில் மணிலா வெயில் தாங்காமல் மேலே ஏறிப்போய் உண்டாக்கிய ஊர், 1909-இல் நகரம் ஆனது. சிகாகோவைச் சேர்ந்த டேனியல் பர்னம் என்பவர் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஊர் நடுவில் இருக்கும் பூங்காவுக்கு அவர் பேர்தான். இன்றைக்கும் அந்த நாட்டுக்குக் கோடைத் தலைநகரம் என்று பேர். கதை எங்கேயோ கேட்டதாக இருக்கிறதா? கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பித்ததும், பிறகு சென்னை மாகாணத்து அதிகாரிகள் மொத்தமும் கோடைக்குக் கோப்புகளோடு ஊட்டிக்கு மூட்டை கட்டியதும் இதே காரணத்துக்குத்தான். வந்தவன் வெள்ளைக்காரனோ அமெரிக்கனோ, முதலில் தேடியது வியர்க்காத இடம். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் நமக்கு ராணுவக் கல்லூரி, பாகியோவில் அவர்களுக்கு ராணுவ அகாதமி. அதுகூட ஒத்துப்போகிறது.

குன்னூரில் தங்கியதற்குக் காரணம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. அந்த 400 மீட்டர் வித்தியாசம் ராத்திரி கம்பளிக்குள் நன்றாகத் தெரியும், அதிலும் மூட்டு வலிக்காரர்களுக்கு. தவிர தென்மேற்குப் பருவக்காற்று மோதுவது கூடலூர், அவலாஞ்சி பக்கம். குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஆடியில் சாரலோடு தப்பிக்கிறது, அதற்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். இந்தக் கணக்கு தெரியாமல் ஜூலையில் மேல் பவானிப் பக்கம் ரூம் போட்டுவிட்டு மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். மழையைப் பற்றிப் பேச்சு வந்ததும் மருமகள் விடவில்லை. 1911 ஜூலையில் பாகியோவில் ஒரே நாளில் 1,168 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறதாம். கோயம்புத்தூரில் ஒன்றரை வருஷத்துக்குக்கூட அவ்வளவு பெய்யாது, அம்மா நம்பவே இல்லை.

ஏறுவதற்கு முன்னால் இரண்டு விஷயம். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025-இல் சீசனுக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பே போட்டார்கள். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை, அரசு பஸ்ஸில் போனால் அதுவும் வேண்டாம். இன்னொன்று, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நம் முகத்தைப் பார்த்து இரக்கப்படுவதெல்லாம் கிடையாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, பர்லியாரில் நிறுத்தாமல் போவது பாவம். ஆடியில் போவதற்கு அதுவே ஒரு காரணம், மங்குஸ்தான் காலம். தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணை அங்கே இருக்கிறது, சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான், துரியன், பலா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் குவிந்திருக்கும். மங்குஸ்தானை வாங்கும்போது அடியில் இருக்கும் பூப்போன்ற குறியைப் பாருங்கள், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. தோல் கல்லாக இறுகியிருந்தால் வேண்டாம், விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். துரியனைப் பார்த்ததும் மருமகள், "இது பிலிப்பைன்ஸுல தாவோ ஊர்ப் பக்கத்துப் பழம் அத்தை, பாகியோவுல என் ரூம்மேட் ஹாஸ்டல்ல ஒளிச்சு வெச்சு மாட்டிக்கிட்டா" என்று சிரித்தாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கார் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

தங்கியது நீலகிரிப் படகர் இனத்தவர் ஒருவர் வீட்டு மாடியில். ரிசார்ட்டில் தங்கினால் என்ன கிடைக்கும்? வடக்கத்திப் பன்னீரும் காலையில் கார்ன்ஃபிளேக்ஸும். இங்கே முதல் ராத்திரியே அவரை உதக்க வந்தது. பச்சை அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, அவர்கள் வீட்டில் இடித்த மசாலா, நம் சாம்பார்ப் பொடி வாசனை துளியும் இல்லை. கூட ராகி ஹிட்டு. தட்டு நடுவில் உருண்டையை வைத்து, கட்டை விரலால் குழி பண்ணி, அந்தக் குழியில் உருக்கின நெய்யை ஊற்றினார் அந்த வீட்டு அக்கா. ஓரத்திலிருந்து கிள்ளி நெய்யில் தொட்டு, அப்புறம் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நாங்கள் கொங்குநாட்டுக்காரர்கள், களி புதிதில்லை, ஆனாலும் அம்மா இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அபூர்வம். காலையில் போளியைவிடத் தடியான இனிப்புப் பலகாரம் ஒன்று, துப்பதிட்டு என்றார்கள், எண்ணெயில் சுட்டது, சுடச்சுட இரண்டு. வீட்டில் தங்குகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், இதெல்லாம் மெனு அட்டையில் இருக்காது.

அடுத்து சிம்ஸ் பூங்கா. 1874-இல் ஆரம்பித்தது, ஒரு பள்ளத்தாக்கின் சரிவு முழுக்க மரங்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் கூட்டம் கம்மி, புல்வெளியைவிட மரம் அதிகம். உருத்திராட்ச மரம் ஒன்று இருக்கிறது, அம்மா அதன் அடியில் கீழே விழுந்த காய் கிடைக்குமா என்று வெகுநேரம் தேடினார். ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாசல் மேலே, பூங்கா கீழே. இறங்குவது சுகம், ஏறும்போதுதான் தெரியும். பாதி வரை இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது உத்தமம். பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிறுவனம், 1907-இலிருந்து இருக்கிறது, வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்த இடம். மருமகள் பூங்காவில் எடுத்ததைவிட அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோக்கள்தான் அதிகம்.

டால்பின் மூக்கு காட்சிமுனைக்குப் போனோம், மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் தின்றுவிட்டுத் திரும்பினோம். ஆடியில் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு மழை நாளில் போங்கள், உள்ளே கதகதப்பாக இருக்கும். பறித்த பச்சை இலையை நீளமான கம்பி வலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, மணிக்கணக்காக வாட விடுகிறார்கள். வாடிய இலையைக் கையில் எடுத்துக் கசக்கினால் முறியாது, துணியாகத் துவளும். அப்புறம் அரைக்கிற இயந்திரம், புளிக்கிற இடத்தில் பச்சை நிறம் கண்ணெதிரே செம்பு நிறமாக மாறுகிறது, அங்கே வருகிற வாசனை டீ வாசனையே இல்லை, நறுக்கின ஆப்பிள் வாசனை. உலர்த்தி, சலித்து, தரம் பிரித்தால் கடைசியில் விழுகிற தூள்தான் நம் டீக்கடை டஸ்ட். அதை மட்டம் என்று பேசுகிறவர்கள் பேசட்டும், பாலில் போட்டுக் கொதிக்க வைக்க அதைவிட்டால் வேறு கிடையாது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனோம். மேட்டுப்பாளையத்திலிருந்தே போக வேண்டும் என்று அடம்பிடித்தால் மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும், அம்மாவை அஞ்சு மணி நேரம் உட்கார வைக்கவும் முடியாது. பல்சக்கரமும் நீராவி இன்ஜினும் கல்லாறு குன்னூர் ஏற்றத்தில்தான், 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம், அதற்கு மேலே சாதாரண டீசல். 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை போட்ட பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் குன்னூருக்கு மேலேயும் வழி அழகுதான், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தியில் பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் உருளைக்கிழங்கும் அடுக்கடுக்காக. இடதுபக்க ஜன்னலா வலதுபக்க ஜன்னலா என்று சண்டை வேண்டாம், வழி வளைந்து வளைந்து போவதால் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு.

"பாகியோவுக்கும் ரயில் போட ஆரம்பிச்சாங்க அத்தை, பாதியில விட்டுட்டாங்க" என்றாள். அதனால் அங்கே எல்லாம் ரோடுதான். கென்னன் ரோடு என்று ஒரு மலைப்பாதை, 1905-இல் திறந்தது, வழியில் சுண்ணாம்புப் பாறையில் பெரிய சிங்கத் தலை செதுக்கி வைத்திருக்கிறார்கள், போகிறவர்கள் அங்கே நின்று போட்டோ எடுத்துத்தான் போவார்களாம். மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி மூடிவிடுவார்களாம். நம் குன்னூர் ரோட்டை நினைத்துக்கொண்டேன்.

ஊட்டியில் எல்லோரும் போகிற இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். படகு இல்லம் இரைச்சல், குதிரைச் சாணி, பஜ்ஜி. சல்லிவன் வெட்டிய ஏரி பாவம், கரையில் நின்று பார்ப்பதோடு சரி. பர்னம் பூங்காவிலும் வெட்டிய ஏரிதான், அதிலும் இதே அன்னப் படகுகள்தானாம், இரண்டு ஊருக்கும் ஒரே ஆசாமி படகு விற்றிருப்பான் போல. தாவரவியல் பூங்கா 1848, மெக்ஐவர் என்கிற தோட்டக்காரர் உண்டாக்கியது, இரண்டு கோடி வருஷத்துக் கல்மரம் இருக்கிறது, ஏற்றம் அதிகம். அம்மாவைக் கண்ணாடி மாளிகையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆனால் புனித ஸ்டீபன் ஆலயத்தை விடாதீர்கள். 1831 ஈஸ்டரன்று வழிபாட்டுக்குத் திறந்த கோயில். உள்ளே போய் மேலே பாருங்கள், அந்தப் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. ரோடே இல்லாத காலத்தில் அந்த மரத்தை எப்படி மலைமேல் ஏற்றினார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோயிலைவிட அந்தக் கூலிகள்தான் கண்ணில் நிற்கிறார்கள், அவர்கள் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. பின்னால் கல்லறைத் தோட்டம், சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊரை உண்டாக்கிய மனுஷன் குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாடு சின்கோஸ். 1954-இலிருந்து ஒரு சீனக் குடும்பம் நடத்துகிற ஓட்டல், கமிஷனர்ஸ் ரோட்டில். சிவப்பு விளக்கு, டிராகன் என்று அலங்காரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், சாதாரண மேஜை நாற்காலி. ஸ்வீட் கார்ன் சூப்பும் நூடுல்ஸும் சொன்னோம், சூப் வந்த சூட்டுக்கே பாதி குளிர் போய்விட்டது. அம்மா கோழி தொடமாட்டார், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அதுவும் ஆடிச் செவ்வாய், அவருக்குக் காய்கறி ஃப்ரைட் ரைஸ். மருமகள் நூடுல்ஸை ஒரு வாய் எடுத்துவிட்டு, "பாகியோவுல இருக்கறதவிட காரமா இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். பிலிப்பைன்ஸ் சாப்பாட்டில் பெரும்பாலும் காரம் கம்மியாம், ஊறுகாய் பாட்டில் இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை அங்கே காலம் தள்ள முடியாது என்கிறாள். அவளுக்கு அங்கே பிடித்தது காலை நேரத்தில் தெருவில் விற்கிற தாஹோ. சோயாப் பாலில் செய்த தயிரைவிட மெதுவான ஒன்று, மேலே ஜவ்வரிசியும் ஸ்ட்ராபெரிப் பாகும். பக்கத்து லா டிரினிடாட் பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெரி வயல் வயலாக விளைகிறதாம், நாமே இறங்கிப் பறித்து எடை போட்டுக் காசு கொடுக்கலாம்.

சாயங்காலம் திபெத்தியர் கடைகளில் ஸ்வெட்டர். பேரம் பேசலாம், ஆனால் சீசன் இல்லாதபோது அவர்களே குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள், பேரத்தில் சுவாரஸ்யம் போய்விடுகிறது. பாகியோவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹாரிசன் ரோட்டை அடைத்துச் சந்தை போடுவார்களாம், வெளிநாட்டுப் பழைய துணிகள் மலிவு விலைக்கு. அவள் போட்டிருந்த நல்ல குளிர்க் கோட்டு அங்கே வாங்கியது. பழைய துணி என்று தெரிந்ததும் அப்பத்தா அதை ஒருமுறை வெந்நீரில் அலசி எடுத்தார்.

இப்போது வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதனால் எல்லாக் கடையிலும் "ஒரிஜினல்" என்று பலகை. பலகையைப் பார்க்காதீர்கள், விறகு அடுப்பு இருக்கிற பேக்கரியாகப் பாருங்கள். மாவைப் புளிக்க வைத்து, கொழுப்பு தடவி, மடித்து மடித்து, ஒழுங்கில்லாத உருண்டையாக உருட்டி அடுக்குகிறார்கள். வெளிவரும்போது மேலே கரும்பழுப்பு, பக்கத்தில் பொன்னிறம், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. நல்ல வர்க்கியை உடைத்தால் சத்தம் கேட்க வேண்டும், அடுக்கு அடுக்காகப் பிரிய வேண்டும், நடுவில் துளி ஈரம் இருக்கக் கூடாது. கடித்துச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம், ஆனால் சூடான டீயில் மூன்று விநாடி, அதற்கு மேல் போனால் டம்ளர் அடியில் ஸ்பூன் போட வேண்டியதுதான். மீறிப் போனதை அம்மா ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டார், அதுதான் அவருக்குப் பிடிக்கிறதாம். சாக்லேட்டைப் பற்றி ஒரே வரி, கொக்கோ வெண்ணெயில் செய்ததா தாவரக் கொழுப்பில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், வாயில் கரையாமல் மெழுகாக ஒட்டினால் இரண்டாவது வகை.

உடம்புக்கு எண்ணெய் போடுகிற படலத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு பெரிய ஓட்டலின் ஸ்பாவுக்குப் போனேன், பேர் வேண்டாம். மெழுகுவர்த்தி, புல்லாங்குழல், ரோஜா இதழ் மிதக்கிற கிண்ணம், எல்லாம் இருந்தது, எண்ணெய் மட்டும் சில்லென்று இருந்தது. குன்னூர்க் குளிரில் காய்ச்சாத எண்ணெயை முதுகில் ஊற்றினால் எப்படி இருக்கும்? ஹீட்டர் போடச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணமாம். பில்லில் அது தவிர வரியும் சேவைக் கட்டணமும். காசைக் கொடுத்துவிட்டு ஜலதோஷத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வீட்டுக்கார அக்கா சொல்லி, கேரளத்து வைத்தியர் ஒருவர் நடத்துகிற சின்ன இடத்துக்குப் போனோம். புல்லாங்குழல் கிடையாது. முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அம்மாவின் மாத்திரைப் பேரைப் பார்த்ததும் வைத்தியர் அம்மா, "உங்களுக்கு அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஆவியும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தினால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். காசு வருகிறது என்று கையை வைக்காமல் திருப்பி அனுப்புகிற இடம்தான் நல்ல இடம். அம்மா வரவேற்பறையில் உட்கார்ந்து அங்கே வேலை செய்கிற பெண்ணின் கல்யாணக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தார்.

எனக்கு நடந்தது முழு வைத்தியம். மரக் கட்டில், நீண்டு குழிந்தது, ஓரத்தில் எண்ணெய் வடிய ஒரு துளை. பக்கத்தில் சின்ன அடுப்பில் எண்ணெய்க் கிண்ணம், அதை எடுத்து முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சேச்சி என் உச்சந்தலையில் வைத்தார். தலை, கழுத்து, தோள், இரண்டு கையும் சேர்ந்தாற்போல் ஒரே தாளத்தில் இறங்குகிறது. அப்புறம் இலைகளைக் கட்டிய கிழியைச் சூடு பண்ணி முட்டியில் ஒத்தடம். கடைசியில் ஆவிப் பெட்டி. கழுத்துக்குக் கீழே எல்லாம் மரப் பெட்டிக்குள், தலை மட்டும் வெளியே, அடியிலிருந்து மூலிகை வேகிற ஆவி. பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது, ஆடிக் குளிரில் வியர்ப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாசிப்பயறு மாவு போட்டு வெந்நீர்க் குளியல், சுக்குக் காப்பி. இரண்டு மணி நேரம் காற்றில் போகக் கூடாது என்றார்கள், அதை மட்டும் மதியுங்கள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு நேராக ரூமுக்குப் போய்த் தூங்குங்கள்.

பிலிப்பைன்ஸில் இதற்கு ஹிலோட் என்று பேராம். அங்கேயும் தேங்காய் எண்ணெய்தான், எண்ணெய் தடவிய வாழை இலையை உடம்பில் வைத்து இழுத்து, எங்கே ஒட்டுகிறதோ அங்கே பிடிப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்களாம். வாழை இலையில் சாப்பிட மட்டும்தான் தெரியும் நமக்கு. பரீட்சை முடிந்தால் கும்பலாகப் போய் அதைச் செய்துகொள்வது அவர்கள் ஹாஸ்டல் வழக்கம்.

நீலகிரியில் ஸ்பாவைவிடப் பழைய மருந்து தைலம். திரும்பும் வழியில் தைலம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்றில் நிறுத்தினோம். கற்பூர மரம் என்று இங்கே சொல்கிற யூகலிப்டஸ், 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, விறகுக்காக நட்டுப் பிறகு மலையெங்கும் பரவிவிட்டது. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது என்று அதை வெட்டச் சொல்கிறவர்கள் பக்கம்தான் நானும், ஆனால் தைலத்தை வேண்டாம் என்று சொல்ல மனசில்லை. பெரிய கொப்பரையில் இலையைத் திணித்துத் தண்ணீர் ஊற்றி மூடிக் களிமண்ணால் பூசுகிறார்கள். அடியில் எரிவது ஏற்கெனவே வெந்த இலைச் சருகுதான், தனி விறகு கிடையாது. ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ச் சொட்டுச் சொட்டாக டின்னில் விழுகிறது, தண்ணீருக்கு மேலே தைலம் மிதக்கிறது, அதை வடிக்கிறார்கள். கண் எரிந்தது, மூக்கடைப்பு அங்கேயே திறந்துகொண்டது, அந்த ஸ்பாவில் வாங்கிய ஜலதோஷம் இனாமாகப் போயிற்று.

வின்டர்கிரீன் தைலமும் இருந்தது. அது மட்டும் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும், மேலே இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு எடுக்க வேண்டும். மூட்டு வலிக்கு அதைவிட்டால் வேறு இல்லை என்று கடைக்காரர் அம்மா கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தே விட்டார். மருமகள் அதை வாங்கித் திருப்பி வைத்தாள். "அப்பத்தா, இதுல இருக்கறது ஆஸ்பிரின் ஜாதி. உங்க மாத்திரையோட சேந்தா இரத்தம் ரொம்ப இளகிடும். டாக்டரக் கேக்காம தேய்க்கக் கூடாது." கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா அவரிடம், "பேத்தி டாக்டருக்குப் படிக்கறா" என்றார், அதில் வலி பாதி போயிருக்கும். நீலகிரித் தைலம் மட்டும் வாங்கினோம். அதையும் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கத்தான், உள்ளுக்குக் குடிப்பது கூடாது, கைக்குழந்தை மூக்கில் தடவுவதும் கூடாது.

இறங்கியது கோத்தகிரி வழி. குன்னூர் வழியைவிட வளைவுகள் சாது, வாந்தி எடுக்கிறவர்களுக்கு நல்லது. கன்னேரிமுக்கில் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், ஊட்டிக்கு முன்னாலேயே அவர் கால் ஊன்றிய இடம் இது. ஊட்டிக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. கோத்தகிரி பஜாரில் தேன் வாங்கினோம், மலைத்தேன் லேசாகக் கசந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம், எந்தப் பூவோ அந்த ருசி. லாங்வுட் சோலைக்கு நேரம் இல்லை, கோடநாடு காட்சிமுனையில் பனி என்று போனில் சொல்லிவிட்டார்கள், விட்டுவிட்டோம்.

மருமகள் வர்க்கியை மூன்று கிலோ வாங்கிப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, இடைவெளியில் பழைய தினத்தந்தியைத் திணித்து, டேப் ஒட்டி வைத்திருந்தாள். கோயம்புத்தூரில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, மணிலாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மலையேறிப் போய்ச் சேர்ந்ததும் போட்டோ அனுப்பினாள். கால்வாசி பொடியாகிவிட்டது. அந்தப் பொடியை ரூம்மேட்கள் தாஹோ மேலே தூவிச் சாப்பிட்டார்களாம்.